ரெண்டு வெள்ளி முதலை

எனக்குக் கோர்வையாக எழுத வராது, மறதியும் அதிகம். பொறுத்துக்கொள்ளுங்கள். ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருஷம் முன்னால், கிள்ளானில் ரயில் ஏறினேன். எதிர்ப் பலகையில் பழங்காசு சேர்க்கிற இருவர் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் தலைப்பாகை கட்டிய பெரியவர், மற்றவர் கண்ணாடி போட்ட இளைஞர். இருவருக்கும் கோலாலம்பூருக்குத்தான் டிக்கெட்.

"போன மாசம் ஒரு முதலையை விட்டுட்டேன் தம்பி," என்றார் பெரியவர். "ஈயத்துல வார்த்த முதலை. சுல்தான் காலத்துல அதுதான் காசு. கிள்ளான் பாசார்ல பழைய சாமான் விக்கிற தவுக்கே, அந்தச் சீன முதலாளி, ரெண்டு வெள்ளி சொன்னாரு. நான் ஒரு வெள்ளிக்குக் கேட்டேன்."

"அப்புறம்?"

"வேணாம்னு நடந்தேன். கூப்பிடுவாருல்ல? மெதுவாத்தான் நடந்தேன். காப்பிக்கடை வாசல்ல நின்னு சுருட்டுகூடப் பத்த வச்சேன். கூப்பிடவே இல்ல. திரும்பிப் போனா, வித்துட்டாரு."

"தெரியும்ணே. உங்க பின்னால நின்னு வாங்கினது நான்தான்."

இளைஞர் பையிலிருந்து அதை எடுத்துக் காட்டினார். வால் கொஞ்சம் வளைந்திருந்தது. பெரியவர் முதுகைத் தடவிப் பார்த்தார்.

"ரெண்டரை வெள்ளி தரேன்."

"அஞ்சுண்ணே."

"ஈயத்துக்கா? வேணாம்பா."

வண்டி பெட்டாலிங்கில் நின்றது. பெரியவர் எழுந்து, மெதுவாக நடந்து, இறங்கிவிட்டார். பிளாட்பாரத்தில் நின்று சுருட்டுப் பற்றவைத்தார். இளைஞர் முதலையைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தார். வண்டி கிளம்பிவிட்டது.

அந்த வண்டி பெட்டாலிங்கில்தான் நின்றதா என்று தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள். அடுத்த வண்டி எத்தனை மணிக்கு என்பதையும்.