மிஸிஸ் ஹில்டாவுக்கு ஒரு கல்லு

கேட்டுச்சுங்களா அண்ணே, வாசல்ல பஸ்ஸுக்கு நின்ன அந்தப் பொம்பள சொன்னது? நீங்க இந்தத் தாள எழுத்துக் கூட்டிப் படிச்சதக் காதுல வாங்கிட்டு, செத்த வெள்ளக்காரிக்கு மாபிள் கல்லு, உசுரோட இருக்கிற நமக்குத் தகரம்னு சொல்லிட்டு பஸ்ல ஏறிருச்சு. நல்ல வாய்.

இல்லல்ல, நீங்க எழுதுங்க. சோக்கால எழுதிப் பாத்துட்டுத்தான் உளி வைப்பீங்களா? அதுவும் நல்லதுதான். ஞாயித்துக்கெழம காலைல கல்லு குழி மேல நிக்கணும். வெள்ளக்காரங்க ஏழெட்டுப் பேரு பூவோட வர்றாங்க. ஆமா, தாள்ல உள்ளபடிதான், மிஸிஸ் ஹில்டா. கீழ உள்ளதா? அவங்க செஞ்ச மாமலேட்ட நாங்க யாரும் மறக்க மாட்டோம்னு போட்டிருக்கு. ஆனா உளிய மட்டும் இப்பவே எடுத்துறாதீங்க. அந்தப் பேரு போடலாமா கூடாதான்னு நானே இன்னும் ஒரு முடிவுக்கு வரல. அதுக்குத்தான் ரெண்டு நாளா உங்க கடைய சுத்தி சுத்திப் போனேன். பாத்தீங்களா? பாத்திருப்பீங்க.

நான் அந்தோனிமுத்துங்க. அம்பிட்டியவுல த்ரீவீல் ஓட்டுறேன். அங்க மேட்டு வீட்டுல கீத் தொரையும் ஜூடித் தொரசாணியும் ஒம்பது வருசமா இருக்காங்க. தொரைன்னா தோட்டத்துத் தொரை இல்லீங்க, பென்சன் வாங்கிட்டு வெயிலுக்காக வந்தவங்க. சனிக்கெழம அவங்க கடைக்குப் போற நாளு. எனக்கு நிச்சயமா உள்ள ஹயரு ஓட்டம் அது ஒண்ணுதான்.

அவங்க சாமான் வாங்குற அழகப் பாக்கணும் நீங்க. நாம என்ன செய்வோம்? கடையில போய் நின்னுகிட்டு, வீட்டுல என்னா முடிஞ்சதுன்னு போன் போட்டுக் கேப்போம். தொரசாணி வெள்ளிக்கெழமையே எழுதிருவாங்க. அதுவும் கடையில எந்தத் தட்டுல எது இருக்கோ அதே வரிசையில. கடைக்காரன் தட்ட மாத்தி வச்சிட்டானோ, அன்னைக்குப் பூரா மூஞ்சி சரியிருக்காது. பாண் ரொட்டி இனிக்குதுன்னு கொறை சொல்லுவாங்க. ஒம்பது வருசமா கொறை சொல்லிக்கிட்டே அதே கடையில அதே பாணத்தான் வாங்குறாங்க. அக்குறணைக்குப் போய் ஏலக்காய் வாங்குவாங்க, கறிக்குன்னு நெனச்சீங்களா? அலுமாரியில துணிக்கு நடுவுல வைக்கிறதுக்கு.

தொரை அதுக்கு மேல. மார்க்கெட்டுல கேரட் ரெண்டு, லீக்ஸ் ஒண்ணு. ஆமாங்க, ஒண்ணு. மரக்கறிக் கடை ரிஸ்மி என்னையக் கேக்குறான், என்ன முத்தண்ணே, தொரை சாம்பிள் பாக்குறாரோன்னு. மனுசன் வரிசையே இல்லாத எடத்துல வரிசையா நிப்பாரு. முன்னால ஒரு ஆளு இல்ல, பின்னால ஒரு ஆளு இல்ல, இவரு மட்டும் தனியா ஒரு வரிசை. பக்கத்தால வந்து ஏழு பேரு வாங்கிட்டுப் போயிருவாங்க. கால மிதிச்சவங்கிட்ட இவரு சாரி சொல்லுவாரு. அப்புறம் நான்தான் உள்ள பூந்து சத்தம் போட்டு வாங்கித் தரணும்.

தேத்தண்ணியச் சொன்னா சிரிப்பீங்க. ஜன்னலத் தொறந்தா தேயில மலை தெரியுற வீட்டுல, லண்டன்லேருந்து சூட்கேசுல கட்டிட்டு வந்த தேயிலப் பைதான் குடிப்பாங்க. எங்கம்மா கிள்ளுன கொழுந்து கப்பல்ல போயி, பேரு மாத்திக்கிட்டு, பிளேன்ல திரும்பி வருது பாருங்க. எங்கூட்டுக்காரி அதுல ஒண்ணப் போட்டுக் குடிச்சுப் பாத்துட்டு, இது கோப்பை கழுவுன தண்ணி மாதிரி இருக்குன்னுட்டா.

வர்றேன், மாமலேட்டுக்குத்தான் வர்றேன். மாமலேட்னா தோடம்பழத் தோலப் போட்டுக் காச்சுற ஜாமுங்க. கொஞ்சம் கசக்கும். அது இல்லாம அவங்களுக்குக் காலைப் பாண் எறங்காது. வெளிநாட்டுச் சாமான் வர்றது நின்னுச்சே ஒரு காலம், ஞாபகமா? அப்ப கடை கடையா ஏறி எறங்குறோம், ஒரு போத்தல் இல்ல. பெட்ரோல் வரிசையில நாம நிக்கிறோம், தொரை மாமலேட்டுக்குக் கண் கலங்குறாரு. வீட்டுல வந்து சிரிச்சுக்கிட்டே சொன்னேன். அவ சிரிக்கல. புளித் தோடம்பழமா பாத்துக் கொண்டாங்கன்னா. அவங்கம்மா தோட்டத்துப் பங்களாவுல குசினி வேல செஞ்சவங்க. தோல எவ்வளவு மெலிசா அரியணும், கொட்டைய ஏன் துணியில கட்டிப் போடணும், எல்லாம் அவளுக்குத் தெரிஞ்சிருந்துச்சு.

தொரசாணி ஒரு கரண்டி வாயில வச்சுட்டு அப்படியே கண்ண மூடிட்டாங்க. யாரு செஞ்சதுன்னு கேட்டாங்க. அங்கதாங்க நான் தப்புப் பண்ணுனேன்.

ஏன் இவ பேரச் சொல்லலன்னா, அதுக்கு முந்தின மாசம் மழைக்கு எங்கூட்டுல ஒதுங்குனாங்க. இவ தேத்தண்ணி குடுத்தா. தொரசாணி கோப்பைய ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு, என்ன அழகான கோப்பைன்னாங்களே தவிர வாயில வைக்கல. மழை விட்டதும் அப்படியே கதிரையில வச்சுட்டு எந்திரிச்சிட்டாங்க. அது மனசுல இருந்துச்சு. எம் பொண்டாட்டி செஞ்சதுன்னு சொன்னா போத்தலயும் அப்படித்தானே வைப்பாங்க? அதான், ஹந்தான மலையில ஒரு வயசான இங்கிலீஸ் அம்மா இருக்காங்க, மிஸிஸ் ஹில்டா, அவங்க செய்றதுன்னு வாயில வந்ததச் சொல்லிட்டேன். ஹில்டா யாரா? எங்க தோட்டத்துப் பழைய தொரையோட நாய். அந்த நேரத்துக்கு எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஸ் பேரு அதுதான்.

வீட்டுல சொன்னதும் விழுந்து விழுந்து சிரிச்சா. அவளே லேபல் வெட்டி, கோடு போட்ட கொப்பியில எழுதிப் பழகி, ஹில்டான்னு ஒட்டுனா. கண்டியில உள்ள வெள்ளக்காரங்க எல்லாருக்கும் சனிக்கெழம போத்தல் போவும். அவங்க ஹில்டாவுக்கு சோப்பு குடுத்து விடுவாங்க, கம்பளிச் சால்வை குடுத்து விடுவாங்க. பாக்க வர்றோம்பாங்க. அவங்களுக்கு மனுசங்களக் கண்டா ஆகாதுன்னு நான் சொல்லுவேன். அது இன்னும் புடிச்சுப் போச்சு அவங்களுக்கு. அசல் இங்கிலீஸ்காரின்னாங்க.

ஒரு நாளு தொரசாணி, இந்தப் பக்குவம் இங்கிலீஸ் கைக்கு மட்டும்தான் வரும்னாங்க. நான் அதையும் கொண்டுபோய் வீட்டுல சொன்னேன் பாருங்க, மடையன். அவ அடுத்த சட்டியில பாதிச் சீனிதான் போட்டா. வாயில வைக்க முடியாத கசப்பு. தொரசாணி ரொம்பக் கவலையா, பாவம் ஹில்டாவுக்கு வயசாயிருச்சு, யாரும் எதுவும் சொல்லிராதீங்கன்னு எல்லாருக்கும் போன் போட்டுட்டாங்க. எல்லாரும் முழுங்குனாங்க. அத நான் சொன்னப்ப அவளுக்குச் சிரிப்பு வந்துச்சு. சிரிச்சிட்டு, ஏங்க, நத்தார் பண்டிகைக்காவது எம் பேரச் சொல்லிருங்கன்னா. சரின்னேன். அந்த நத்தார் போச்சு. அடுத்ததும் போச்சு. ஹயரு போயிருமோன்னு பயம். பொய் சொன்னவன்னு தெரிஞ்சா அப்புறம் எவன் ஏறுவான் சொல்லுங்க?

இப்ப ஆறு கெழமையா போத்தல் இல்ல. மொத ரெண்டு சனிக்கெழம காய்ச்சல்னு சொன்னேன். மூணாவது தடவ தொரசாணி, ஹில்டாவுக்கு என்னாச்சுன்னு கையப் புடிச்சுக் கேட்டாங்க. செத்துட்டாங்கன்னுட்டேன். அண்ணே, த்ரீவீலுக்குள்ள ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் புடிச்சுக்கிட்டு அழறாங்க. மரக்கறிப் பை சாஞ்சு உருளக்கெழங்கு ரோட்டுல ஓடுது. நானும் வண்டிய ஓரங்கட்டி அழுதேன். தொரை என் முதுகத் தட்டி, உனக்கு இவ்வளவு இரக்கமான்னாரு. எல்லாரும் சேந்து இந்தக் கல்ல எடுக்கச் சொல்லிட்டாங்க. தாளும் அவங்களே எழுதுனது. குழியக் காட்டுன்னாங்க. சரி, ஞாயித்துக்கெழம பூசை முடிய வாங்கன்னு சொல்லிட்டேன்.

எந்தக் குழியா? என்னண்ணே கேள்வி இது. எங்கிட்ட இருக்கிறது ஒரே ஒரு குழிதானே. எங்க கோயில் சேமக்காலையில, சுவரோரமா. மண்ணு இன்னும் அமுங்கல.

எங்கூட்டுக்காரிக்குத்தாங்க. பிரசர் இருந்துச்சு. சனிக்கெழம காலைல அடுப்புல தோடம்பழம் கொதிக்குது, அவ கீழ கெடந்திருக்கா. பக்கத்து வீட்டு ஷஹ்மா புள்ளதான் கருகுற வாடைக்கு ஓடி வந்து பாத்தது. நான் அந்நேரம் மார்க்கெட்டுல, தொரைக்கு ஒரு லீக்ஸ் எடுத்துக் குடுத்துக்கிட்டு நின்னேன்.

அவங்ககிட்ட எங்க சொல்றது? எம் பொண்டாட்டி செத்துட்டான்னா, அய்யோ பாவம்னு கவர்ல எதாவது போட்டுக் குடுப்பாங்க. ஹில்டாவுக்குத்தான் அப்படி அழுவாங்க. அந்த அழுகை அவளுக்குச் சேர வேண்டியதுதானேன்னு நெனச்சு இந்தக் கல்லுக்குத் தலையாட்டிட்டேன். ஆனா இப்ப நீங்க எழுதி வச்சிருக்கிறதப் பாக்கப் பாக்க... அந்தப் பேரோட அவ எப்படிண்ணே அங்க கெடப்பா?

அவ பேரா? லூர்தம்மா. அந்தோனிமுத்து லூர்தம்மா.

அதையே போடுறதா? இல்ல, ஞாயித்துக்கெழம அவங்க வந்து படிப்பாங்க. யாரு இதுன்னு கேப்பாங்க. சொல்லத்தான் வேணும், முழுசா. அதோட சனிக்கெழம ஹயரு... ஏண்ணே அந்த ஈரத் துணிய எங்கிட்ட நீட்டுறீங்க? நீங்களே செய்யலாமே.

சரி, குடுங்க இப்படி. கொஞ்சம் தள்ளி நில்லுங்க.

ம்.

அழிச்சிட்டேன். நீங்க சோக்கப் புடிங்க.