இடையில் ஐந்து சீட்

"அண்ணாச்சி, இவ்வளவு நேரமா யாருகிட்ட பேசுதிய?"

"பொண்டாட்டிகிட்ட."

"எந்த ஊர்ல இருக்காவ?"

"ரெண்டாவது சீட்டுல."

கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். கோவில்பட்டியிலிருந்து எப்போதும்வென்றான் என்ற ஊருக்குப் போகும் பஸ். ரெண்டாவது சீட்டில், தலையில் துண்டு கட்டிய ஓர் அக்கா காதில் போனோடு இருந்தார். அவர் கணவர் எனக்குப் பின்சீட்டில். இருவருக்கும் இடையில் ஐந்து சீட். அவர் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் இரண்டு பேர் பேச்சும் எனக்குக் கேட்டது.

"ஊசி போட்ட கை வலிக்குதாட்டி?" என்றார் அவர்.

"இல்ல. இன்னும் ரெண்டு கீமோதான்னு டாக்டரம்மா சொன்னாவ."

"நானும் அதத்தான் எண்ணிட்டு இருக்கேன். அது முடியட்டும், உன் பக்கத்துல வந்து உக்காருதேன்."

"இன்னைக்குக் குளிச்சியளா?"

"ரெண்டு வாட்டி. புது சோப்பு பாதி கரைஞ்சிட்டு. கடலைமிட்டாய்க்குப் பாகு காய்ச்சுதவன் மேல வெல்ல வாடை போவுமா?"

"முன்னயெல்லாம் அந்த வாடை பக்கத்துல இருந்தாத்தான் எனக்குத் தூக்கமே வரும். மருந்து ஏத்துனதுல இருந்து அதே வாடை குமட்டுது. நான் என்ன செய்ய?"

"உன்னையா குத்தம் சொன்னேன்?"

ஒரு நிறுத்தத்தில் அக்காவின் பக்கத்தில் இருந்தவர் இறங்கிப் போனார்.

"ஏங்க, இங்கன இடம் கிடக்கு. வாங்க."

"வாந்தி வருமேட்டி."

"வந்தா வரட்டும், கவர் வச்சிருக்கேன். போனை வச்சிட்டு வாங்க."