ஃபிர்மேன் வீட்டு வாசப்படி

ஆகஸ்ட் மாசம். மத்தியானம் ரெண்டு மணி... பேய்னா ராத்திரிதான் வரணுமா என்ன? காஸ்தெல்மோர் கிராமத்துல வெயிலுக்குப் பயந்து அந்த நேரத்துக்கு எல்லா சன்னலும் சாத்தியிருக்கும். தெருவுல ஒரு பூனை இருக்காது. ஊருக்கு வெளிய அந்தப் பழைய ரோடு. ரெண்டு பக்கமும் திராட்சைத் தோட்டம், நடுவுல ஒரே ஒரு வேன். ஓட்டிட்டுப் போறது ஃபிர்மேன்... என் சிநேகிதி ஜோசியானோட சித்தப்பா. வேனுக்குள்ள ஒரு கல்லு கிடந்து இடிக்குது. டங்... டங்...

அது அவர் வீட்டு வாசப்படி.

முழங்கால் உயரம். படியா அது? அவர் அம்மா லியோன்தினுக்கு எண்பத்தி நாலு வயசு, சக்கர நாற்காலி. மூணு வருஷமா வெளிய வரல. தூக்கினா முதுகு தாங்காதுன்னுட்டார் டாக்டர். சரிவாப் பலகை போடலாம்னா தெருவுல இடமில்ல. சந்தைக்குப் போகணும், தன் கையால ஒரு முலாம்பழத்தை எடுத்து மோந்து பாக்கணும்... அவ்வளவுதான் கிழவியோட ஆசை. படியைப் பெயர்த்துடலாம்னு ஃபிர்மேன் மனு போட்டார். வினையே அங்கதான்.

ஒரு அதிகாரி வந்தான். கண்ணாடியைக் கழட்டினான், மாட்டினான். "ஐயா, இது ரோமன் கல்லு. தொடாதீங்க."

"தொடாம எப்படிய்யா? தினம் மிதிச்சுட்டுதானே போறேன்?"

"மிதிக்கலாம். நகர்த்தக் கூடாது."

சிரிக்காதீங்க. மூணு வருஷம், பதினொரு கடிதம். பதில்ல வந்ததெல்லாம் அந்தக் கல்லோட ஜாதகம்தான். முதல்ல ரோமன்காரன் அந்தப் பழைய ரோட்டோரம் யாருக்கோ நட்ட கல்லறைக் கல்லாம். விசிகோத்னு ஒரு முரட்டுக்கூட்டம் படையெடுத்து வருதுன்னு பயந்து பிடுங்கி மதில்ல வச்சாங்களாம். அரபுக்காரங்க வந்து மதிலை இடிச்சாங்களாம். சாமியாருங்க தூக்கிட்டுப் போய் சர்ச்சுக்கு அஸ்திவாரம் போட்டாங்களாம். ராஜாவைக் கவுத்த புரட்சியில சர்ச் போச்சு, கல்லு ஃபிர்மேனோட பாட்டனுக்குப் பாட்டன் கைக்கு வந்துச்சு. ரெண்டாயிரம் வருஷமா வந்தவன் போனவனெல்லாம் நகர்த்தியிருக்கான்... ஃபிர்மேன் மட்டும் நகர்த்தக் கூடாது! எனக்கே எரிச்சலா வருது, அந்த மனுஷனுக்கு எப்படி இருந்திருக்கும்?

அதான் அன்னைக்கு, ஊரே தூங்குற நேரம் பாத்து, கடப்பாரையால நெம்பி, சங்கிலி கட்டி இழுத்து வேன்ல ஏத்திட்டார். கல்லு பெயர்ந்தப்ப அடியிலேர்ந்து ஒரு வாடை... ஈரமண் வாடை இல்ல. அப்பத்தான் அணைச்ச எண்ணெய் விளக்கு வாடை.

பழைய ரோட்டோரம் சைப்ரஸ் மரத்தடியில உருட்டி விட்டார். அடிப்பக்கம் மேல வந்துச்சு. ஒரு பொம்பளை முகம், மூக்கு உடைஞ்சிருந்தது. கீழே எழுத்து. அவர் படிக்கல. "உன் இடத்துலயே விட்டுட்டேன், போதுமா?"ன்னு திட்டிட்டுத் திரும்பினார். அதுவரைக்கும் சில்வண்டெல்லாம் காது கிழியக் கத்திட்டு இருந்துச்சு... டக்குனு நின்னுச்சு. அத்தனையும். ஒண்ணா.

வாசலைச் சிமெண்ட் போட்டு மட்டம் பண்ணினார். நாலாம் நாள் காலையில அம்மாவுக்கு நீலச் சட்டை, தொப்பி, மடியில சந்தைக் கூடை. நாற்காலியைத் தள்ளுறார்.

டொக்.

பின்னால இழுத்துத் தள்ளினார். டொக். குனிஞ்சு தடவிப் பாத்தார்... தரை வழவழன்னு இருக்கு. ஆத்திரத்துல ஓடி வந்து தள்ளினார். டொக். கூடை மட்டும் தெருவுல போய் விழுந்துச்சு.

"இன்னும் என்ன வேணும் உனக்கு?"ன்னு வெறும் வாசலைப் பாத்துக் கத்தினார்.

"கத்தாதடா," அம்மா மெதுவாச் சொன்னாங்க. "பாவம், நடந்தே வந்திருக்கா. காலெல்லாம் புழுதி. வாசல்ல உக்காந்துட்டு எழுந்திருக்க மாட்டேங்குறா."

"யாரும்மா?"

"பேர் கேட்டேன்... நீ படிக்காமலே வந்துட்டியாம்."

ஓடினார் பழைய ரோட்டுக்கு. கல்லு அங்கேயேதான் கிடந்துச்சு. முகம் இருந்துச்சு. எழுத்து இருந்த இடம்... மொழுக்குனு. ஒரு கீறல் இல்ல. அந்த வெயில்ல உக்காந்து அழுதார் அந்த மனுஷன்.

அக்டோபர்ல லியோன்தின் செத்துப்போனாங்க. கடைசி வரைக்கும் வாசலைத் தாண்டல. சவப்பெட்டியைத் தூக்க, பக்கத்து டவுன் பெஸியேர்லேர்ந்து நாலு ஆள் வந்தாங்க. அந்தத் தெருவையே முன்னப்பின்னப் பாத்திராதவங்க. யாரும் அவங்ககிட்ட எதுவும் சொல்லல. வாசல் வந்துச்சு... நாலு பேரும் முழங்கால் உயரத்துக்குக் காலைத் தூக்கி வச்சாங்க. முன்னால போன ஆள் கீழே பாத்து, தணிஞ்ச குரல்ல சொன்னான்: "மன்னிக்கணும் மேடம்... கொஞ்சம் தள்ளி உக்காருங்க."