கோடு போடுறதும் வெட்டுறதும்

மதுரையிலிருந்து கம்பம் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். அவள் மடியில் எக்ஸ்ரே உறை. உசிலம்பட்டி தாண்டியதும் அவர் ஆரம்பித்தார்.

“அம்புட்டுப் பெரிய டாக்டர்ட்ட, ‘கோடு போடுறதும் வெட்டுறதும் ஒரே ஆளா’ன்னா கேப்ப?”

“இடுப்பு என்னுது. கேக்கத்தான் செய்வேன்.”

“அதான் எக்ஸ்ரேல பென்சிலால கோடு போட்டுக் காட்டுனாகல்ல. தொடை எலும்பு உக்காருற கிண்ணத்தைச் சுத்தி வெட்டி, லேசாத் திருப்பி, ஸ்குரு போட்டு நிறுத்திருவோம். பின்பக்கத்து எலும்பை முழுசா விட்டுருவோம், அது நின்னாத்தான் ஆளு நிக்க முடியும்னு சொன்னாகல்ல.”

“கோடெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. வெட்டு மூட்டுக்குள்ள இறங்கிறக் கூடாது, பின்னால நரம்புப் பக்கமும் போயிறக் கூடாதுன்னு அவுகளே சொல்றாக. உளி வேற ஆளு கையில இருந்தா?”

“ரெண்டும் நான்தாம்மான்னு சிரிச்சாக.”

“அதுக்கப்புறந்தான கையெழுத்துப் போட்டேன்.”

அவர் அவள் பக்கம் திரும்பினார்.

“ஏம் புள்ள, ஒனக்கு எப்படி இந்தச் சந்தேகம் வந்துச்சு?”

“போன கவாத்துக்கு, எங்கன வெட்டணும்னு திராட்சைக் கொடி ஒவ்வொண்ணுலயும் சுண்ணாம்புப் பொட்டு வச்சேன். கத்திரி உங்க கையில இருந்துச்சு. ரெண்டு வரிசையில பழமில்லாம வெறும் இலைதான வந்துச்சு?”

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“சரி, அடுத்த கவாத்துக்குள்ள நடந்துருவேல்ல?”

“நடந்துருவேன். கத்திரியையும் நானே எடுத்துக்கிறேன்.”