பிழையல்ல, மாற்றம்

பதினாறு வருஷ வேலையில் நான் யாரிடமும் குரலை உயர்த்திப் பேசியதில்லை. பவுலினிடமும் அப்படித்தான். எங்கள் மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பது அவள் வேலை. அவள் சொல்லும் குறை பிழையா இல்லையா என்று முடிவு செய்வது என் வேலை.

ஆஸ்பத்திரிகளுக்கான மென்பொருள் அது. நோயாளியின் கோப்பை ஒருவர் திறந்தால், அவர் மூடும்வரை இன்னொருவர் அதில் எழுத முடியாது. பூட்டுவது நாங்களல்ல, ஆபரேட்டிங் சிஸ்டம். மார்ச்சில் வந்த அதன் புதிய பதிப்பில் அந்தப் பூட்டு வெறும் எச்சரிக்கைப் பலகையாகிவிட்டது. பலகையைப் பார்க்கிற மென்பொருள் நிற்கும். எங்களுடையது பார்க்காது.

“சார், டாக்டர் எழுதுனதுக்கு மேல நர்ஸ் சேவ் பண்ணா, டாக்டர் எழுதுனது காணாமப் போவுது. இது பக் இல்லாம வேற என்ன?” என்றாள் பவுலின்.

“பக் வேற, சேஞ்ச் வேறம்மா. ஆபரேட்டிங் சிஸ்டம்காரங்க டாக்குமென்ட்லயே தெளிவா போட்டிருக்காங்க.”

“அதப் படிச்சவங்களுக்குத் தெரியும் சார். பெட்ல படுத்திருக்கறவங்களுக்கு?”

ஒன்பது நாள் வாதம் நடந்தது. பிழை என்றால் தவறு என் குழுவுடையது; வெளியீடு ஆறு வாரம் தள்ளிப்போகும். மாற்றம் என்றால் தவறு யாருடையதும் இல்லை. பத்தாம் நாள் ‘பிழையல்ல’ என்று எழுதி அவள் புகாரை மூடினேன். எங்கள் தொழிலில் எல்லாரும் செய்வதுதான்.

அந்த மென்பொருள் போன ஆஸ்பத்திரி ஒன்றில் தொம்மலூர் கோவிந்தப்பா, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், காலில் புண்ணோடு அட்மிட் ஆகியிருந்தார். அவருக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது, போடக் கூடாது என்று டாக்டர் கோப்பில் எழுதினார். அதே கோப்பை முன்பே திறந்து வைத்திருந்த நர்ஸ் மமதா இரண்டு நிமிடம் கழித்துக் காய்ச்சல் அளவைப் பதிந்தாள். டாக்டரின் வரி அழிந்தது. மதியம் அவள் பென்சிலின் ஊசி போட்டாள். நாலு மணிக்கு அவர் இறந்துவிட்டார். எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. அன்று நான் சாப்பிடவில்லை.

ஆஸ்பத்திரி எங்களிடம் பதிவுகளைக் கேட்டது. பார்த்த உடனே எனக்குப் புரிந்துவிட்டது. டாக்டரின் வரியைக் கோப்பில் திரும்ப வைத்தேன். அவர் எழுதியதைத்தான் வைத்தேன். பொய்யாக ஒரு எழுத்துகூடச் சேர்க்கவில்லை. அது அழிந்த தடத்தை மட்டும் எடுத்துவிட்டேன்.

அந்த வரி தன் கண்ணில் படவே இல்லை என்று மமதா சொல்லிக்கொண்டே இருந்தாள். விசாரணையில் திரையில் அதைக் காட்டினார்கள். வெகுநேரம் பார்த்தாள். தான்தான் சரியாகப் பார்க்கவில்லை போலிருக்கிறது என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு அழுதாள். எதிரில் உட்கார்ந்திருந்த நான்தான் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் ஜெயிலுக்குப் போய் இப்போது நாலு மாதம்.

நான் கைவைப்பதற்கு முன் எடுத்த பேக்கப் நகலைப் பவுலின் உங்களிடம் கொடுத்துவிட்டாள். மறுக்கமாட்டேன். தெரிந்தே புகாரை மூடினேன். தெரிந்தே அந்தப் பெண்ணை மாட்டிவிட்டேன்.

இந்த வாக்குமூலத்தில் நான் கையெழுத்துப் போட்டால்தான் மமதா வெளியே வருவாள் என்கிறீர்கள். போடுகிறேன் சார். ஆனால் மூன்றாம் பக்கத்தில் ‘பிழை’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதை ‘மாற்றம்’ என்று திருத்திக் கொண்டுவாருங்கள். எனக்கு அவசரமில்லை, காத்திருக்கிறேன்.