டெம்ப் என்கிற டிஸ்க்

திண்டிவனத்தில் ஏறி என் முன்சீட்டில் உட்கார்ந்த இரண்டு பெண்களின் கழுத்திலும் ஒரே விழுப்புரம் ஆஸ்பத்திரியின் அடையாள அட்டை தொங்கியது. ஜன்னலோரத்துப் பெண் சொன்னாள்:

“நேத்து சாயந்திரம் பழைய டிஸ்க்கை நம்ம சர்வர் ரூம் க்ளவுடுல சேத்துட்டேன்டி. கம்ப்யூட்டர்ல ஒரே கமாண்டு. ஒரு ஃபைலும் நகரல, இருந்த எடத்துலயே இருக்குது. இனிமே க்ளவுடே பாத்துக்கும்.”

“என்னா பேர்ல சேத்த?”

“பழைய பேருதான். டெம்ப்.”

“உள்ள என்னா இருக்குது?”

“ஆறு வருஷத்து எக்ஸ்ரே, ஸ்கேன் மொத்தமும்.”

“அதுக்கு எவடி டெம்ப்னு பேரு வெச்சது?”

“நான்தான். டெம்பரரியா ரெண்டு நாளைக்குன்னுதான் அப்ப போட்டேன்.”

கூட்டேரிப்பட்டு தாண்டும்போது பக்கத்துப் பெண் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

“க்ளவுடுல டெம்ப்னு எது இருந்தாலும் தானா அழிக்கிற மாதிரி நான் ஒரு ஸ்கிரிப்ட் புரோகிராம் போட்டு வெச்சிருக்கேன். தினம் காலைல பத்து மணிக்கு ஓடும். இத்தினி நாளு க்ளவுடுக்கு வெளிய இருந்ததுனால ஒன் டிஸ்க்கு தப்பிச்சுது.”

“இப்ப மணி என்னா?”

“ஒம்போதரை.”

“ஜல்தியா போன் போடு. யாராவது சர்வர் மிஷினை நிறுத்தட்டும்.”

“எப்பிடி நிறுத்துவாங்க? சர்வர் ரூமு சாவி ஒன் பையிலதான போய்க்கினு இருக்குது.”

விக்கிரவாண்டியில் பஸ் ஒரு மோட்டலுக்குள் திரும்பி நின்றது.

“வண்டி கால் மணி நேரம் நிக்கும்,” என்றார் கண்டக்டர். “டீ குடிக்கிறவங்க நிதானமா குடிச்சிட்டு வாங்க.”