நிலாவுக்குப் போகும் வழியில் டீக்கடை

“பொண்ணு பௌதிகம் படிச்சு இன்னா பண்ணப் போவுது?” என்று அத்தை ஒருமுறை கேட்டார். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்.

திருவொற்றியூர் பஸ்ஸில் என் முன் இருக்கையில் இருவர். மறுநாள் மாதா கோயில் திருவிழாக் கடைக்காக, நிலாவுக்குப் போகும் தாய ஆட்டத்தை அட்டையில் வரைந்திருந்தார்கள்.

“நடுவுல டீக்கடை இன்னாத்துக்கு மாமு? காத்தே இல்லாத எடத்துல அடுப்பு எப்படி எரியும்?”

“போன வருசம் வளையம் எறியுற கடை போட்டோம், எவனும் நிக்கல. டீக்கடைய பாத்தா சிரிச்சுகினே நிப்பான்.”

“அப்ப நான் சொல்றதையும் கேளு. கெளம்ப தாயம் வோணும். அப்பால காய் அதுவா போய்கினே இருக்கும், தடுக்க காத்து இல்ல. எறங்கவும் தாயம் வோணும். விழலன்னா நிலாவத் தாண்டிப் பூடும்.”

மற்றவர் அட்டையில் நிலாவைத் தாண்டி விரலை ஓட்டிப் பார்த்தார். “தாண்டிப் போனவன் மறுபடி ஆட வருவான். ஷோக்கா கீது. அடுப்ப அழிச்சுட்டு பிளாஸ்க் வரைஞ்சுடு.”

திருவிழாவில் அவர்கள் கடை திறந்ததும், தாயக்கட்டையை முதலில் உருட்டியது நான்தான்.